கைகளைக் கழுவச் சொன்ன மருத்துவர்: இக்னாஸ் செம்மல்வைசின் வாழ்க்கையும் தொற்றுக்காலப் பேறுகாலப் பராமரிப்பும்

தொற்றுநோய் பரவும் காலங்களில் கருவுற்ற தாய்மார்களின் உள்ளத்தில் ஓர் அச்சம் எழுவது இயல்பு. பரிசோதனைக்காக மருத்துவமனைக்குச் சென்றால், அங்கேயே நோய் தொற்றிக்கொள்ளுமோ என்பதே அந்த அச்சம். இதனால் மாதாந்திரப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவோரும், வலி கண்ட பின்னரும் வீட்டிலேயே காத்திருப்போரும் உண்டு.

இவ்வச்சம் புதியதன்று. ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன்பு, ஐரோப்பாவின் வியன்னா நகரில் இருந்த பெரிய மருத்துவமனை ஒன்றின் வாயிலில் நின்ற கர்ப்பிணிகள் உள்ளே செல்ல அஞ்சினர். அவர்களது அச்சத்தை வெறும் பேதைமை என்று ஒதுக்கிவிடாமல், அதற்குக் காரணம் உண்டா என்று ஆராய்ந்தவர் இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் மகப்பேறு மருத்துவர். அவரது வாழ்க்கையைத் தெரிந்துகொள்வது, இன்றைய தாய்மார்கள் தொற்றுக்காலத்தில் எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதைப் புரிந்துகொள்ள உதவும்.

இளமையும் கல்வியும்

செம்மல்வைஸ் 1818ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் ஹங்கேரி நாட்டின் புடா நகரில் பிறந்தார். புடாவும் ஆற்றின் மறுகரையில் உள்ள பெஸ்டும் பின்னர் இணைந்து புடாபெஸ்ட் ஆயின. அவருடைய தந்தை மளிகை வணிகர். 1837இல் சட்டம் பயில்வதற்காக வியன்னா சென்ற செம்மல்வைஸ், மறு ஆண்டே மருத்துவக் கல்விக்கு மாறினார். 1844இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அதன்பின் மகப்பேறு மருத்துவத்தைத் தம் துறையாகத் தேர்ந்துகொண்டு, 1846இல் வியன்னா பொது மருத்துவமனையின் முதல் மகப்பேறு பிரிவில் பேராசிரியர் யோகான் கிளைனின் உதவி மருத்துவராகப் பணியேற்றார்.

இரண்டு பிரிவுகள், இருவேறு இறப்பு விகிதங்கள்

அம்மருத்துவமனையில் ஏழைப் பெண்களுக்குக் கட்டணமின்றிப் பேறு பார்க்கப்பட்டது. மகப்பேறு பிரிவுகள் இரண்டு இருந்தன. முதல் பிரிவில் மருத்துவ மாணவர்கள் பயிற்சி பெற்றனர். இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகள் பயிற்சி பெற்றனர். ஒரு நாள் வருவோர் முதல் பிரிவிலும், மறுநாள் வருவோர் இரண்டாம் பிரிவிலும் சேர்க்கப்பட்டனர். ஆகவே, இரு பிரிவுகளுக்கும் வந்த பெண்கள் ஒரே வகையினரே.

எனினும், இறப்புகள் ஒரே அளவில் இல்லை. 1841 முதல் 1846 வரையிலான ஆறு ஆண்டுகளில் முதல் பிரிவில் நிகழ்ந்த 20,042 பேறுகளில் 1,989 தாய்மார்கள் இறந்தனர். இது நூற்றுக்கு ஏறத்தாழ 10 பேர். அதே காலத்தில் இரண்டாம் பிரிவின் 17,791 பேறுகளில் இறந்தவர்கள் 691 பேர். நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவு. இறப்புகளுக்குப் பெரும்பாலும் காரணமாக இருந்தது பேறுகாலக் காய்ச்சல். குழந்தை பிறந்த சில நாட்களுக்குள் குளிரும் கடுங்காய்ச்சலும் தோன்றும். அடிவயிறு வீங்கி வலிக்கும். பின்னர் நச்சு உடல் முழுவதும் பரவித் தாய் இறந்துபோவாள். சில வேளைகளில் அவள் பெற்ற குழந்தையும் அதே நோய்க்கு இரையாகும்.

இவ்வேறுபாடு நகரத்து ஏழைப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது. முதல் பிரிவில் சேர்க்கப்படும் நாளில் வந்துவிட்டோம் என்று அறிந்ததும், தங்களை அங்கே அனுப்ப வேண்டாம் என்று மண்டியிட்டு மன்றாடியவர்கள் உண்டு. மருத்துவமனைக்கு வரும் வழியிலேயே, தெருவில், குழந்தையைப் பெற்றவர்களும் உண்டு. இவ்வாறு எவ்வித மருத்துவ உதவியும் இன்றிப் பெற்ற பெண்களுக்குப் பேறுகாலக் காய்ச்சல் குறைவாகவே வந்தது என்பதைச் செம்மல்வைஸ் கவனித்தார். மருத்துவமனையின் கட்டிலைவிடத் தெருவே பாதுகாப்பாக இருந்தது என்றால், தீங்கு மருத்துவமனைக்குள்தான் இருக்க வேண்டும்.

காரணத்தைத் தேடிய காலம்

அக்காலத்தில் கிருமிகளைப் பற்றிய அறிவு இல்லை. நகரின் மேல் பரவும் கெட்ட காற்றினால் இந்நோய் கொள்ளைநோயாக வருகிறது என்று பெரும்பாலான மருத்துவர்கள் நம்பினர். செம்மல்வைஸ் இதனை ஏற்கவில்லை. கெட்ட காற்று என்றால் அது ஒரே கூரையின் கீழுள்ள இரு பிரிவுகளையும் ஒன்றுபோலத் தாக்க வேண்டுமல்லவா?

அவர் ஒவ்வொரு காரணமாக எடுத்துச் சோதித்தார். நெரிசல் காரணமாக இருக்கலாமோ என்று பார்த்தபோது, நெரிசல் இரண்டாம் பிரிவில்தான் மிகுதியாக இருந்தது. பேற்றின்போது தாய் படுக்கும் நிலையை இரண்டாம் பிரிவில் உள்ளதுபோல் மாற்றிப் பார்த்தார், இறப்பு குறையவில்லை. இறக்கும் நிலையில் இருப்போருக்கு இறுதிச் சடங்கு செய்ய மணியொலியுடன் வரும் குருவைக் கண்ட அச்சம் மற்றத் தாய்மார்களை நலியச் செய்கிறதோ என்று எண்ணி, அவரை வேறு வழியாக மணியின்றி வரச் செய்தார். அதிலும் பயன் இல்லை. ஒவ்வொரு நாளும் தம் பொறுப்பில் இருந்த பெண்கள் இறந்துகொண்டிருக்க, காரணம் புலப்படாமல் அவர் பெரிதும் துயருற்றார்.

நண்பரின் மரணம்

1847 மார்ச் மாதம் சில நாள் ஓய்வுக்காக வெனிஸ் நகரம் சென்று திரும்பிய செம்மல்வைசுக்குத் துயரச் செய்தி ஒன்று காத்திருந்தது. அவருடைய நண்பரும் சட்டமருத்துவப் பேராசிரியருமான யாகோப் கொலெட்ச்கா இறந்துவிட்டார். பிணக்கூறாய்வின்போது மாணவர் ஒருவரின் கத்தி அவரது விரலில் பட்டுக் காயம் ஏற்பட்டது. அதன்வழியே நஞ்சு உடலில் பரவி அவர் உயிரிழந்தார். அவரது உடலை ஆய்ந்த குறிப்புகளைப் படித்த செம்மல்வைஸ், பேறுகாலக் காய்ச்சலால் இறந்த தாய்மார்களின் உடல்களில் தாம் கண்ட அதே மாற்றங்கள் அங்கும் பதிவாகியிருப்பதைக் கண்டார்.

அப்போதுதான் இரு பிரிவுகளுக்கும் இடையே இருந்த உண்மையான வேறுபாடு அவருக்கு விளங்கியது. முதல் பிரிவின் மருத்துவர்களும் மாணவர்களும் பிணக்கூறாய்வு செய்துவிட்டு, அதே கைகளுடன் பேறுகால அறைக்கு வந்து தாய்மார்களைப் பரிசோதித்தனர். சோப்பினால் கழுவிய பின்னரும் அவர்களின் கைகளில் பிணநாற்றம் நீங்குவதில்லை. இரண்டாம் பிரிவின் மருத்துவச்சிகளோ பிணக்கூறாய்வு செய்வதில்லை. கொலெட்ச்காவின் உடலில் கத்தி புகுத்திய பொருளையே, தாய்மார்களின் உடலில் மருத்துவர்களின் கைகள் புகுத்திவந்தன என்று செம்மல்வைஸ் முடிவு செய்தார்.

இம்முடிவு அவருக்கே பெரும் வேதனை தருவது. நோயின் காரணத்தை அறியும் ஆர்வத்தால், மற்ற மகப்பேறு மருத்துவர்கள் பலரைவிட மிகுதியாகப் பிணக்கூறாய்வு செய்தவர் அவர். தம் கைகளால் இறந்த தாய்மார்கள் எத்தனை பேர் என்று கணக்கிட இயலாது என்பதைப் பின்னாளில் தமது நூலில் அவர் மறைக்காமல் ஒப்புக்கொண்டார்.

கைகழுவும் விதி

1847 மே மாதத்தின் நடுவில், முதல் பிரிவின் வாயிலில் குளோரின் கலந்த நீரும் தூரிகையும் வைக்கப்பட்டன. நாற்றத்தைப் போக்கும் ஆற்றல் குளோரினுக்கு இருந்ததால் அதனைத் தேர்ந்தார். பின்னர் விலை குறைந்த குளோரின் சுண்ணாம்புக் கரைசலைப் பயன்படுத்தினார். தாய்மார்களைத் தொடுவதற்கு முன் ஒவ்வொருவரும் கைகளைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்பது விதியாயிற்று.

அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் முதல் பிரிவில் பெற்ற 312 தாய்மார்களில் 57 பேர் இறந்திருந்தனர். இது நூற்றுக்கு 18 பேர். விதி நடைமுறைக்கு வந்தபின், ஜூன் மாதத்தில் 268 பேரில் 6 பேரும், ஜூலை மாதத்தில் 250 பேரில் 3 பேரும் மட்டுமே இறந்தனர். 1848ஆம் ஆண்டு முழுவதிலும் 3,556 பேறுகளுக்கு 45 இறப்புகள், நூற்றுக்கு 1.27. அவ்வாண்டின் மார்ச், ஆகஸ்ட் மாதங்களில் ஒரு தாய்கூட இறக்கவில்லை.

இடையில் ஒரு நிகழ்வு அவருக்குப் புதிய பாடம் கற்பித்தது. 1847 அக்டோபரில், கருப்பைப் புற்றுநோயால் சீழ் வடியும் நிலையில் இருந்த ஒரு பெண் வரிசையின் முதல் கட்டிலில் சேர்க்கப்பட்டார். மருத்துவர்கள் அவரைப் பரிசோதித்தபின் சோப்பினால் மட்டும் கைகழுவி, அடுத்தடுத்த கட்டில்களுக்குச் சென்றனர். அப்போது அங்கே பேற்றில் இருந்த 12 பெண்களில் 11 பேர் இறந்தனர். நோய் பிணங்களிலிருந்து மட்டுமன்றி, உயிருள்ள நோயாளியிடமிருந்தும் கைகளின் வழியே பரவும் என்பது இதனால் தெளிவாயிற்று. அறைக்குள் நுழையும்போது ஒருமுறை கழுவினால் போதாது. ஒருவரைத் தொட்டபின் மற்றொருவரைத் தொடுவதற்கு முன்பும் கழுவ வேண்டும் என்று விதி கடுமையாக்கப்பட்டது. இன்று உலகெங்கும் மருத்துவமனைகள் பின்பற்றும் கைத்தூய்மை நெறியின் அடிப்படை இதுவே.

எதிர்ப்பும் இறுதிக் காலமும்

இத்தகைய பயன் விளைந்த பின்னரும் பலர் அவரை ஏற்கவில்லை. நோயாளிகளைக் கொல்வது தங்கள் கைகளே என்று ஒப்புக்கொள்ள மருத்துவர்கள் பலருக்கு மனம் வரவில்லை. ஒரே காரணத்தால் இந்நோய் வருகிறது என்னும் கருத்தும் அக்கால மருத்துவக் கொள்கைக்கு மாறாக இருந்தது. ஹெப்ரா, ஸ்கோடா, ரொக்கிதான்ஸ்கி ஆகிய புகழ்பெற்ற வியன்னா மருத்துவர்கள் அவருக்குத் துணைநின்றனர். ஆயினும், 1849இல் அவரது பணிக்காலம் நீட்டிக்கப்படவில்லை. 1850இல் அவர் வியன்னாவை விட்டுப் பெஸ்ட் நகருக்குத் திரும்பினார்.

பெஸ்டில் உள்ள புனித ரோக்கஸ் மருத்துவமனையில் ஊதியம் இல்லாமல் மகப்பேறு பிரிவின் பொறுப்பை ஏற்றார். பேறுகாலக் காய்ச்சல் பெருகியிருந்த அப்பிரிவிலும் கைத்தூய்மையைக் கட்டாயமாக்கினார். அங்கே ஆறு ஆண்டுகளில் நிகழ்ந்த 933 பேறுகளில், இக்காய்ச்சலால் இறந்தவர்கள் 8 பேர் மட்டுமே. 1855இல் பெஸ்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

அவரிடமும் குறை இருந்தது. தமது கண்டுபிடிப்பைப் பல ஆண்டுகள் அவர் விரிவாக எழுதி வெளியிடவில்லை. 1861இல் வெளிவந்த அவரது நூல் பலருக்கும் எளிதில் விளங்கவில்லை. பின்னர், தம்மை மறுத்த பேராசிரியர்களைக் கொலைகாரர் என்று கடிந்து வெளிப்படையான கடிதங்கள் எழுதினார். தாய்மார்களின் மரணம் அவரை அந்த அளவுக்கு வருத்தியிருந்தது. ஆனால், அக்கடிதங்களால் எதிர்ப்பே வளர்ந்தது.

1865இல் அவரது மனநிலை பாதிக்கப்பட்டது. ஜூலை இறுதியில் வியன்னாவில் இருந்த மனநோய் விடுதி ஒன்றில் சேர்க்கப்பட்டார். அங்கே உடலில் ஏற்பட்ட காயங்களில் சீழ்பிடித்து, நஞ்சு இரத்தத்தில் பரவியதால், 1865 ஆகஸ்ட் 13ஆம் நாள் தமது 47ஆம் வயதில் உயிர்நீத்தார். அவருடைய நண்பர் கொலெட்ச்காவையும் எண்ணற்ற தாய்மார்களையும் கொண்டுசென்றதும் இத்தகைய தொற்றே.

அவர் மறைந்து இரண்டு ஆண்டுகளில், அறுவைச் சிகிச்சையில் கிருமிநாசினி பயன்படுத்தும் முறையை ஜோசப் லிஸ்டர் வெளியிட்டார். 1879இல் லூயி பாஸ்டர் பேறுகாலக் காய்ச்சலுக்குக் காரணமான கிருமியைச் சுட்டிக்காட்டினார். செம்மல்வைஸ் கூறியது சரியே என்று உலகம் உணர்ந்தது. புடாபெஸ்டில் உள்ள மருத்துவப் பல்கலைக்கழகம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இன்றைய தாய்மார்களுக்கு இவ்வாழ்க்கை உணர்த்துவது

வியன்னாவின் பெண்கள் அஞ்சியதில் நியாயம் இருந்தது. அவர்களிடம் அன்று வேறு வழி இல்லை. செம்மல்வைஸ் அவர்களைத் தெருவிலேயே பெற்றுக்கொள்ளச் சொல்லவில்லை. மருத்துவமனையைப் பாதுகாப்பான இடமாக மாற்றினார். தொற்றுக்காலத்துப் பேறுகாலப் பராமரிப்பின் நெறியும் இதுவே. பராமரிப்பைக் கைவிடுதல் தீர்வன்று. பராமரிப்பைத் தூய்மையாகப் பெறுதலே தீர்வு.

கொரோனா பெருந்தொற்றின்போது பல நாடுகளில் கர்ப்பிணிகளின் வழக்கமான பரிசோதனைகள் தடைபட்டன. பரிசோதனை தவறினால் உயர் இரத்த அழுத்தம், இரத்தசோகை, கர்ப்பகால நீரிழிவு, குழந்தையின் வளர்ச்சிக் குறைவு ஆகியவை கண்டறியப்படாமல் போகலாம். இவை தொடக்கத்தில் வலியோ வேறு அறிகுறியோ இல்லாமல் வரக்கூடியவை. கருவுற்றோருக்குக் கொரோனா தொற்று கடுமையாகும் வாய்ப்பும், குறைமாதப் பேறு நிகழும் வாய்ப்பும் கூடுதல் என்பதும் அறியப்பட்டுள்ளது. எனவே, பரிசோதனையும் தொற்றுத் தடுப்பும் இரண்டும் தேவை.

கர்ப்பிணிகள் கடைப்பிடிக்க வேண்டியவை

• குறித்த நாளில் பரிசோதனைக்குச் செல்லுங்கள். செல்ல இயலாவிடில், உங்கள் சுகாதாரப் பணியாளரைத் தொலைபேசியில் அழைத்து வேறு நாள் பெறுங்கள். தாமாகவே பரிசோதனையைக் கைவிட வேண்டாம்.
• இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரைகளையும் மருத்துவர் பரிந்துரைத்த பிற மருந்துகளையும் நிறுத்தாமல் உட்கொள்ளுங்கள். உரிய தடுப்பூசிகளைத் தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள்.
• மருத்துவமனைக்குச் செல்லும்போது முகக்கவசம் அணியுங்கள். ஒருவர் மட்டும் துணைக்கு வந்தால் போதும்.
• காய்ச்சல், இருமல் இருந்தால் முன்னரே தெரிவியுங்கள். அதற்காகப் பராமரிப்பு மறுக்கப்படக் கூடாது. தனி இடத்தில் பரிசோதிக்க ஏற்பாடு செய்யப்படும்.
• உங்களைத் தொடுவதற்கு முன் கைகழுவினீர்களா என்று மருத்துவரிடமும் செவிலியரிடமும் பணிவாகக் கேட்கத் தயங்க வேண்டாம். கையுறை கைகழுவுதலுக்கு மாற்றன்று. ஒருவருக்குப் பயன்படுத்திய கையுறையை மற்றவருக்குப் பயன்படுத்தக் கூடாது.

உடன் இருந்து பேணுவோர் கடைப்பிடிக்க வேண்டியவை

• தாயையும் குழந்தையையும் தொடுவதற்கு முன்பும், கழிவறை சென்று வந்த பின்பும், குழந்தையின் துணியை மாற்றிய பின்பும் கைகளைச் சோப்பினால் கழுவுங்கள். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் ஆகிய அனைத்தையும் தேய்த்து, 40 முதல் 60 வினாடிகள் வரை கழுவுங்கள்.
• கைகளில் அழுக்கு தெரியாத நிலையில் ஆல்கஹால் கலந்த கைத்தூய்மித் திரவத்தையும் பயன்படுத்தலாம்.
• செம்மல்வைஸ் காலத்தில் குளோரின் கரைசல் பயன்பட்டது என்பதற்காக, பிளீச்சிங் பவுடரால் கைகளைக் கழுவ வேண்டாம். அது தோலைப் புண்ணாக்கும். சோப்பும் ஓடும் நீரும் போதுமானவை.
• சளி, காய்ச்சல் உள்ளவர்கள் தாயின் அருகிலும் பச்சிளங்குழந்தையின் அருகிலும் செல்வதைத் தவிர்க்க வேண்டும்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

கருவுற்ற காலத்தில்: இரத்தப்போக்கு, பனிக்குட நீர் வடிதல், கடும் தலைவலி, பார்வை மங்குதல், முகம் மற்றும் கைகளில் திடீர் வீக்கம், வலிப்பு, குழந்தையின் அசைவு குறைதல், காய்ச்சல், மூச்சுத்திணறல்.

பேற்றுக்குப் பின் ஆறு வாரங்களுக்குள்: காய்ச்சல் அல்லது குளிர்நடுக்கம், கடும் அடிவயிற்று வலி, துர்நாற்றமுள்ள கசிவு, மிகுதியான இரத்தப்போக்கு, தையல் போட்ட இடத்தில் சிவந்து சீழ்பிடித்தல், மூச்சுத்திணறல், மயக்கம்.

பேறுகாலக் காய்ச்சல் இன்றும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஆனால், செம்மல்வைசின் காலத்தில் இல்லாத நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இன்று உள்ளன. விரைவில் கண்டறிந்தால் குணப்படுத்த முடியும். பேற்றுக்குப் பின் காய்ச்சல் வருவது இயல்பே என்று வீட்டில் காத்திருத்தல் கூடாது. எத்தகைய தொற்று பரவிக்கொண்டிருந்தாலும், மேற்கண்ட அறிகுறிகளில் ஒன்று தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.